கொடிக்கம்பியைச் சுற்றிய கொப்புளம்

நான் அடித்ததிலேயே மோசமான பெயிண்ட் எதுவோ, அதுதான் ஊரில் அதிகம் சுற்றிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எதுவானாலும் அந்த வெள்ளைக் கார் வாசலில் முதல் ஆளாக வந்து நிற்கும். அதன் பானெட்டில், கட்சிக்கொடி கட்டும் கம்பியின் அடியில், அம்மை போட்டது போல் கொப்புளங்கள். யார் பெயிண்ட் அடித்தது என்று ஒருவர் கேட்பார். துருகம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பாய் என்று இன்னொருவர் சொல்வார். அந்த பாய் நான்தான்.

காரின் சொந்தக்காரர் ஒன்றியத்தில் ஒரு கட்சிப் பொறுப்பில் இருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். என் பட்டறை நின்ற இடம் அவருடையது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர்கள். ஸ்ப்ரே கன்னைப் பிடித்தவன் நான் ஒருவன்தான். பெயிண்ட் வாசனைக்கும் கம்ப்ரஸர் சத்தத்துக்கும் பயந்து யாருமே இடம் தராதபோது, அவர் தன் காலி மனையைக் காட்டி, போட்டுக்கொள் என்றார். எழுத்து கிடையாது. எல்லாம் வாய்வார்த்தைதான். போடு என்று சொன்ன வாய்க்கு எடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதனால் அவர் கார் வந்தால் மற்ற வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டி நிற்கும். முடியாது என்கிற வார்த்தையை அவரிடம் மட்டும் நான் சொன்னதே இல்லை.

முதல் தடவை கொப்புளம் வந்தபோது என்னையேதான் சந்தேகப்பட்டேன். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்தேன். சுரண்டிப் பார்த்தால் சிவப்பாகத் துரு வரவேண்டிய இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் மாதிரி உதிர்ந்தது. பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி எவ்வளவு கனம் என்று பார்ப்பதற்கு நாங்கள் ஒரு காந்தம் வைத்திருப்போம். அதை வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. அவருடைய டிரைவர், பானெட் முழுக்கப் பட்டிதானா என்று வெளுத்துப் போனார். பட்டி இல்லை, அந்த வண்டிக்குப் பானெட் மட்டும் அலுமினியம்.

சேலத்தில் பெயிண்ட் வாங்கும் கடையில் கேட்டு, அலுமினியத்துக்கென்று இருக்கும் அடிப்பூச்சான பிரைமரை வாங்கி வந்தேன். இரும்பைத் தேய்த்த பிரஷ் அதன் மேல் படவே கூடாது என்றார்கள். புதிதாக ஒன்று வாங்கி, வேறு யாரும் தொடாதபடி தனியாக மாட்டி வைத்தேன். இரண்டாவது தடவை பெயிண்ட் எனக்கே பொறாமை வருகிற அளவுக்கு அமைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் கொப்புளம். பானெட்டில் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. கம்பியைச் சுற்றி மட்டும் பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் ஓடியிருந்தது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கம்பி இரும்பு. அதை முடுக்கிய போல்ட்டும் இரும்பு. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்து, நடுவில் ஈரமும் தங்கிவிட்டால், அரிபடுவது அலுமினியம்தான். நான் மேலே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். நடுவில் ரப்பர் வைத்துப் பார்த்தேன். ரப்பர் வைத்தால் கம்பி ஆடுகிறது, கம்பி ஆடினால் கொடி சாய்கிறது. கொடி சாய்ந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று டிரைவர் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, போல்ட்டை நன்றாக இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கம்பியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு வாக்கியம்தான் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மூன்றாம் தடவை அடித்தபோது கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பிரைமர் காயட்டும் என்று வண்டியைப் பட்டறை வாசலில் விட்டிருந்தேன். எதிரே டீக்கடை. கம்பி இல்லாத காரைப் பார்த்தவர்கள், டீ ஆறுவதற்குள் அவரைக் கட்சியை விட்டே நீக்கிவிட்டார்கள். செய்தி சங்கராபுரம் போய், தியாகதுருகம் போய், அங்கிருந்து அவருக்கே போன் வந்தது. யாரோ பட்டாசுகூட வெடித்தார்களாம். அவர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வேகமாக வந்து இறங்கினார். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்றேன். "காயறது இருக்கட்டும் பாய், மொதல்ல கம்பிய மாட்டு" என்றார். ஈரப் பெயிண்ட்டின் மேல் கம்பியை வைத்து முடுக்கினேன். போல்ட் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு அலுமினியத்தில் போய் உட்கார்ந்தது கைக்குத் தெரிந்தது. என் வேலையை நானே கெடுத்துக்கொண்டு நின்றேன். அழுகை வராத குறைதான்.

அதன் பிறகு பட்டறைக்கு வண்டிகள் குறைய ஆரம்பித்தன. வாசல் வரை வந்தவர்கள்கூட, இவர் அடித்தால் உப்பிவிடுமாமே என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது என் காதில் விழும். எனக்கு வாயைத் திறக்க வழியில்லை. தப்பு கம்பியில் என்று சொன்னால் கட்சியைக் குறை சொன்னதாக ஆகும், இடம் போகும். சொல்லாவிட்டால் பேர் போகும். இரண்டில் ஒன்று போனாலும் ஒரு பெயிண்டர் எங்கே போய் நிற்பது? வீட்டில் சோறு இறங்கவில்லை. யாராவது என்ன என்று கேட்டால் அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் அவர் அதே காரில் கல்வராயன் மலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் ஒரு பழைய ஜீப் நின்றது. பெயிண்ட் அடித்தால் தேறுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். டிரைவர் லீவு, அவரேதான் ஓட்டினார். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது. பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. கண்ணாடிக்கு வெளியே மூடுபனி. தெரிந்ததெல்லாம் பானெட்டும் அந்தக் கம்பியும்தான். ஈரக் கொடி கம்பியில் சுருண்டிருக்க, தண்ணீர் கம்பி வழியாக இறங்கி அடியில் போய்த் தேங்கிக்கொண்டிருந்தது. இறங்கி ஓட இடம் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"அண்ணே, அந்தக் கம்பி இருக்கற வரிக்கும் நான் எத்தினி வாட்டி அடிச்சாலும் உப்பிக்கினுதான் வருங்க. அத்த எடுத்துட்டா நின்னுடும்."

அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துணியால் துடைத்தார். "தெரியும் பாய். வேற பட்டறைலயும் கேட்டுட்டேன். அவனும் அதான் சொன்னான்."

தெரிந்துகொண்டேதான் என்னைத் திரும்பத் திரும்ப அடிக்க வைத்திருக்கிறார். ஊர் என்னைப் பேசுவதும் அவருக்குத் தெரியும். அப்புறம் இன்னாத்துக்குங்க இது என்று கேட்கும்போது என் குரலே மாறியிருந்தது.

"பெயிண்ட் உப்புனா உன்னத் திட்டுவாங்க பாய். கம்பி இல்லன்னா என்னத் திட்டக்கூட மாட்டாங்க."

மரத்தை வெட்டி ஓரம் தள்ளிய பிறகு வண்டி நகர்ந்தது. கச்சிராயபாளையம் தாண்டும்போது டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய் அவர் தலையில் கொட்டவும் முடியவில்லை.

அடுத்த கோடையில் அவருடைய பொறுப்பை நிஜமாகவே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த முறை யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். கொடி இல்லை. கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டையையும் அடைத்துவிடச் சொன்னார்.

அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரை வரவழைத்து ஓட்டையை அடைத்தேன். அரித்த இடத்தைப் பளபளக்கும் வரை தேய்த்தேன். பிரைமர், பெயிண்ட் எல்லாவற்றையும் அவசரமில்லாமல், காய வேண்டிய நேரம் காயவிட்டு அடித்தேன். அப்படி ஒரு வேலையை அந்த வண்டிக்குச் செய்ய எத்தனை காலம் ஏங்கியிருக்கிறேன். ஒரு மனிதர் கீழே விழுந்துகிடக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வண்டியை எடுக்க வந்தவர் பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். "எங்க இருந்துச்சின்னே தெரியல" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறிப் போனார்.

இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். கையில் கம்பி இருந்தது.

வேறு ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து, எந்தக் கொடி கட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கொடிலாம் இல்ல பாய். கம்பி மட்டும் வெய்யி. சும்மா இருக்கட்டும்."

இடம் இப்போதும் அவருடையதுதான். ஆனால் என்னைப் போ என்று சொல்லும் தெம்பு அன்று அவரிடம் இல்லை. முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். இத்தனை வருடத்தில் அதைச் சொல்லக்கூடிய நாள் அது ஒன்றுதான்.

டிரில்லை எடுத்து, நல்ல பெயிண்ட்டில் ஓட்டை போட்டேன்.