பொன்னாடை போக மிச்சம் இருந்த நேரம்

துறைமங்கலத்தில் ஒரு முட்டைக் கடை வாசலில், மழையில் நனைந்த காலி அட்டைத் தட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். போன வாரம் வண்டியில் அந்தப் பக்கம் போனபோது ஈர அட்டை வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது முட்டையை நினைவூட்டும். எனக்கோ இலக்கியம் ஞாபகம் வந்தது.

காரணம் இருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு நான் பெரம்பலூரில் ஓர் இணைய வானொலியில் ஒட்டிக்கொண்டேன். வானொலி என்றால் ஒரு மாடி அறை, ஒரு மைக், எதிரொலி வராமலிருக்க நான்கு சுவரிலும் முட்டைத் தட்டுகள். ஊர்க் கலை, பாட்டு, புத்தகம், நாட்டு நடப்பு என்று வாரம் அரை மணி நேரம் உரையாடுவோம். ‘யாருக்கும் கட்டுப்படாத குரல்’ என்று எங்களுக்கு நாங்களே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எந்தக் கட்சியும் எங்களை மிரட்டவில்லை, எந்த முதலாளியும் விலைக்குக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடத்தியவர் அருணகிரி சார், தமிழ்ப் பேராசிரியர். அவர் கேள்வி முடியும்போது, வந்தவர் “ஆமாங்க சார்” என்பதைத் தவிர சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொன்னாடை இருக்கிறதே! ஆமாம், வானொலியில் பொன்னாடை. “இப்பொழுது சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது” என்று சார் மைக்கில் சொல்வார். துணி சரசரக்கும். நான் கை தட்டுவேன். என் ஒருத்தியின் கைதட்டலைக் கணினியில் பத்தாகப் பெருக்கி ஒரு மண்டபமே தட்டுவது மாதிரி செய்ததுதான் அந்த வயதில் என் சாதனை. வீட்டில் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அதற்கு முன்னால் வரவேற்புரை. தலைமை யார், முன்னிலை யார் என்று ஊர்ப் பெரியவர்கள் பெயர் எல்லாம் வரும். அவர்களில் ஒருவர்கூட அந்த மாடிப்படி ஏறியதில்லை. ஒரு பெயர் விட்டுப்போனால் மட்டும் மறுநாள் போன் வரும்.

இந்த அலங்காரத்துக்கு நடுவில்தான் ஒரு நாள் மல்லிகா அக்கா வந்து உட்கார்ந்தார். விக்கிரமங்கலம் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். ஊர் நூலகத்தில் இருந்த புத்தகம் அத்தனையும் படித்தவர். அருணகிரி சார் பேர் சொல்லி மேற்கோள் காட்டும் நாவல்களை அக்கா நிஜமாகவே படித்திருந்தார்; அதனால் சாருக்குக் கொஞ்சம் சங்கடம்.

ஆனால் அக்கா வந்தது புத்தகம் பற்றிப் பேச மட்டும் இல்லை. அந்த நூலகத்தைக் காலி பண்ணி ரேஷன் மூட்டை அடுக்கப் போகிறார்கள். சுதந்திர தினத்துக் கிராம சபையில் தீர்மானம். வேலைக்காக வெளியூர் போன பிள்ளைகள் லீவுக்கு ஊருக்கு வந்து எதிர்த்தால் தடுத்துவிடலாம். மைக்கில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நம்மூர்ல ஓட்டு இருக்கிற புள்ளைங்கல்லாம் பதினோரு மணிக்கு வந்துடுங்க. பேச வேணாம். கைய மட்டும் தூக்குங்க.”

அக்கா வீடு சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம். அந்த ரோட்டுக்காரர்கள் பேச்சே தனி. ஒரு வாக்கியம் சொல்வார்கள், லாரி போக இடம் விடுவார்கள், அடுத்ததைச் சொல்வார்கள். லாரியே வராத எங்கள் அறையிலும் அக்கா அப்படித்தான் இடம் விட்டு இடம் விட்டுப் பேசினார்.

அதுதான் வினையாகிவிட்டது. பதிவு அரை மணியைத் தாண்டிவிட்டது. முக்கால் நிமிஷம் வெட்டணும். வரவேற்புரையில் கை வைக்கட்டுமா என்று கேட்டேன். சார் பதறிப்போனார். “பேரு ஒண்ணும் போயிடக் கூடாதும்மா, மனசு சங்கடப்படுவாங்க.” சாருடைய கேள்விகளையோ வெட்டவே முடியாது, ‘ஆகவே’, ‘எனினும்’ என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மல்லிகா அக்கா பேச்சில் கத்தி சுலபமாக இறங்கியது. தழும்பே தெரியவில்லை. சார் தட்டிக்கொடுத்தார். அந்த சுத்தத்தில் மயங்கி, வெட்டியதையும் மூலப் பதிவையும் அப்போதே அழித்துவிட்டேன். மேசை துப்புரவாக இருக்கணுமாம் எனக்கு.

கிராம சபைக்கு முதல் நாள் சாயங்காலம் ஒலிபரப்பு. முடிந்த கொஞ்ச நேரத்தில் அக்கா போன் பண்ணினார்.

“நா கூப்புட்டது வரலியே பாப்பா.”

“நேரம் பத்தலைக்கா.”

“பொன்னாட வந்துச்சே.”

அக்காவே தொடர்ந்தார். “சரி, நா பேசுன அந்தத் துண்ட மட்டும் எம் போனுக்கு அனுப்பி வுடு. நா சொன்னா எவன் வரான்? ரேடியோவுல பேசுனதுன்னா வருவானுங்க.”

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். இப்போதே போனில் பேசுங்கள், திரும்பப் பதிந்து அனுப்புகிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சாரைக் கேட்கணுமே என்றுதான் தோன்றியது. யாருக்கும் கட்டுப்படாத குரல்!

மறுநாள் நூலகத்துக்காகத் தூக்கிய கைகள் மூன்று. ஒன்று அக்காவுடையது.

இந்த அட்டை வாசனை வந்த பிறகு மனசு கேட்காமல் நேற்று அந்த ஊருக்குப் போனேன். நூலகத்தில் ஆள் உயரத்துக்கு அரிசி மூட்டை. புத்தகங்களைச் சாக்கில் கட்டி எங்கேயோ கொண்டுபோனார்களாம். எங்கே என்று பஞ்சாயத்து ஆபீசிலும் தெரியவில்லை. அக்கா தையல் மிஷினை நிறுத்தாமலே அலமாரியைக் காட்டினார். நூலகம் காலியாவதற்கு முன்னால் அவர் படிக்க எடுத்து வந்திருந்த ஒரு நாவல், நூலக முத்திரையோடு அப்படியே இருக்கிறது.

“திருப்பிக் குடுக்க எடமில்ல பாப்பா. ஒங்க ரேடியோ ஆபீசுல வெச்சுக்கிறீங்களா?”

அதுவும் போன வருஷமே நின்றுவிட்டது, அறையில் இப்போது கூரியர் ஆபீஸ் இருக்கிறது, பழைய நிகழ்ச்சி ஒன்றுகூட இணையத்தில் இல்லை என்றேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“ஓ. அதுக்கும் யாரும் கை தூக்கலியா?”