படைத்தலைவனுக்கு ஒட்டுப்போட்டவள்

பதினோரு வருடங்களாக எல்லோரும் பார்த்துவந்த பழக்கம் அது. கதை சொல்லத் தொடங்குவதற்கு முன் தையலக்கா தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். மடியில் கிழிந்த படுக்கை விரிப்பு, விரலில் ஊசி. எதிரில் முகங்களைப் பார்த்தால் அவளுக்கு வார்த்தை வராது. முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாலோ ஒரு ராஜ்ஜியமே வந்து இறங்கும்.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியை அங்கே பிரித்து, கறை பார்த்து, மிஷினில் போடுவார்கள். இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். காய்ந்து வருவதை மடித்து, தேய்த்து, கிழிசல் தைத்து அடுக்குவார்கள். அழுக்குப் பக்கம் வேலை செய்கிறவர்கள் வேலை நேரத்தில் சுத்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று அப்படி ஒரு விதி. மத்தியானம் இரண்டு மணிக்கு, உலர்த்தும் மிஷின்களில் சேர்ந்த பஞ்சை எடுப்பதற்காக அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். இரைச்சல் அடங்கும் அந்த அரை மணி நேரம் தையலக்காவுக்குச் சொந்தம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் நூலகத்தில் எது மிகத் தடியான புத்தகமோ அதைத்தான் எடுப்பாள். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது ஐந்து பாக நாவல் ஒன்று. உப்புப் பாறைமேல் ஒரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு கல் அரியணை. அதன்முன் நின்று பொய் சொன்னால் கல் பழுக்கச் சூடாகிவிடும். அதனால் அந்த அரண்மனையில் ஒருவரும் பொய் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிடுவார்கள், அவ்வளவுதான். இப்படி உண்மையை மட்டுமே பேசி ஒருவரையொருவர் கவிழ்க்கும் ராணிகளுக்கும் அமைச்சர்களுக்கும் நடுவே, குட்டி இளவரசியைக் காப்பாற்றும் படைத்தலைவன். சலவைப் பிரிவு முழுக்க அவன் பக்கம். தன் வீட்டுக்காரரிடம் இல்லாத நல்ல குணமெல்லாம் இவனிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று இஸ்திரி மேஜையில் நிற்கும் இஸ்திரி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாம் பாகத்தின் முடிவில்தான் சிக்கல் வந்தது. படைத்தலைவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த தோழன் ஒருவன். ராஜா அவனைக் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்துவிட்டார். போர் நடக்கும்போது தோழன் எதிரிகள் துரத்த ஓடிவந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான். உள்ளே படைத்தலைவனின் கை தாழ்ப்பாளின்மேல் இருக்கிறது. அவன் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்தை வீட்டில் படித்துவிட்டு, தையலக்கா இரண்டு நாள் தலைவலி என்று சொல்லிக் கதையைத் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள், தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, அவன் இழுத்து இழுத்துக் கை கிழிந்ததுதான் மிச்சம் என்று சொன்னாள். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு ஒட்டுப் போட்டால் பக்கத்துத் துணி இற்றுப்போகும் என்பது அவளுக்குத் தெரியாததா? மூன்றாம் பாகத்தில் படைத்தலைவன் அந்தக் கதவைக் கண்டாலே ஒதுங்கிப் போனான். அதற்கு ஒரு ஒட்டு. நான்காம் பாகத்தில் தோழனின் தாய் அவன் முகத்தில் துப்பினாள். அதற்கு இன்னும் பெரிய ஒட்டு.

இந்தச் சமயத்தில்தான் தையலக்காவின் தம்பி மனைவி வேலைக்குச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே தையலக்காதான். சூப்பர்வைசரிடம் நான்கு முறை நடந்திருக்கிறாள். ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறை. கல்லூரியில் ஒரு வருடம் படித்தவள், வாய் நிறையச் சிரிப்பவள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு மாதத்திற்குள் எல்லோருக்கும் அவளே ஜோடியாக வேண்டியிருந்தது.

தையலக்கா பல் பிடுங்க ஒருநாள் லீவு போட்டாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்தபோதே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மடிக்கிறவர்கள் விரிப்பைப் பார்த்துக்கொண்டே மடித்தார்கள்.

இஸ்திரி அக்காதான் வாயைத் திறந்தாள். "ஏம்மா தையலு, தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருந்துச்சுன்னியே. அவன் வேணும்னேதான் திறக்கலையாமே?"

தம்பி மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, நீங்க எப்படிச் சொல்லியிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க வரலைன்னு எல்லாரும் கேட்டாங்க. வீட்ல இருந்த புஸ்தகத்தை நானும் படிச்சிருந்தேன், அதுல இருந்ததைச் சொல்லிட்டேன்."

அவள் மேல் தப்பே இல்லை. தையலக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. தன்னைப் பொய்க்காரி என்று யாராவது திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் எல்லோருக்கும் படைத்தலைவனை முன்னைவிட அதிகம் பிடித்துப்போயிருந்தது. இப்போதுதான் அவன் மனுஷனாகத் தெரிகிறானாம். தம்பி மனைவி எல்லோரையும் நேருக்கு நேர் பார்த்து, ராணிக்கு ஒரு குரல், அமைச்சருக்கு ஒரு குரல் வைத்து, கையை ஆட்டிச் சொன்னாளாம். அன்று இரண்டு மணிக்கு, கன்னம் வலிக்குமே, இன்றைக்கும் அவளே சொல்லட்டுமே என்று கரிசனமாகக் கேட்டார்கள். தையலக்கா தலையை ஆட்டினாள். அந்த அரை மணி நேரமும் அவள் சிரிப்புகளை எண்ணினாள். பதினான்கு. தனக்கு ஒருநாளும் ஐந்தைத் தாண்டியதில்லை.

வயிற்றெரிச்சல் வீட்டுக்கும் கூடவே வந்தது. சமையலறையில் தம்பி எதற்கோ சிரித்தால் காது அங்கேயே நின்றது. தம்பி மனைவி முதல் தட்டைத் தையலக்காவுக்குப் போட்டுக் கொடுத்தபோது, அந்த நல்ல குணம்கூட யாருக்கோ காட்டிப் பேர் வாங்குவது மாதிரி உறுத்தியது. கன்னத்து வீக்கம் வடிந்த பிறகும் யாரும் நாற்காலியைத் திருப்பச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் வந்து நின்றார். அழுக்குப் பக்கத்தில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள், யாரை அனுப்பலாம் என்று, பழைய ஆள் என்ற மரியாதையில் தையலக்காவைக் கேட்டார்.

"என் தம்பி பொண்டாட்டிக்கு நல்ல தெம்பு இருக்கு சார். கறையைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டா. சொன்ன வேலையைச் செய்வா."

அத்தனையும் உண்மை. அந்த அரியணைக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தாலும் கல் குளிர்ந்தே கிடந்திருக்கும்.

அண்ணிதான் சிபாரிசு செய்தார் என்பதைச் சூப்பர்வைசர் பாராட்டாகவே சொல்லிவிட்டார். தம்பி மனைவி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சரி அண்ணி. எங்க செஞ்சாலும் வேலைதானே," என்றாள். கண்ணாடிக் கதவு மூடியது.

அன்று இரண்டு மணிக்கு இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீயே சொல்லு தையலு. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன். அவன் மேல போய் ஒருத்தனுக்கு அப்படி என்ன பொறாமை?"

தையலக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். கிழிசலில் ஊசியை இறக்கினாள்.

"கூட இருக்கறவன் மேலதான்க்கா வரும். ராஜா மேல யாருக்கு வருது? அந்தத் தோழன் கெட்டவனா இருந்திருந்தா இவன் கதவைத் திறந்திருப்பான். நல்லவனா இருந்தான். தட்டும்போதும் இவன் பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டான். திறந்தா, உள்ள வந்து இவனைக் கட்டிப்பிடிச்சிருப்பான். அதைத்தான் இவனால தாங்கிக்க முடியாது."

புத்தகத்தில் அவ்வளவும் இல்லை. புத்தகத்தில் இரண்டு வரிதான். அவள் அந்த அரை மணி நேரமும் தாழ்ப்பாளின்மேல் இருந்த கையைப் பற்றியே சொன்னாள். அந்தக் கை எவ்வளவு கனத்தது, இரும்பு எப்படிச் சில்லிட்டது, தட்டும் சத்தம் நின்றதும் முதலில் வந்தது நிம்மதி என்று சொன்னாள். மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பஞ்சு எடுத்து முடித்து மிஷின்கள் மறுபடி உறுமத் தொடங்கிய பிறகும் யாரும் அசையவில்லை. பதினோரு வருடத்தில் அவள் அப்படி ஒரு கதை சொன்னதில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே அவள் சூப்பர்வைசரிடம் போய், தம்பி மனைவியை இந்தப் பக்கமே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அடுத்த மாதமும் கேட்டாள். நீங்கள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது, அவரைப்போல அங்கே ஆள் கிடையாது, விட மாட்டேன் என்று அவர் சிரித்துவிட்டார்.

ஐந்தாம் பாகம் முடிந்து இப்போது ஆறு மாதம் ஆகிறது. சுத்தப் பக்கத்தில் வேறொரு நாவல் ஓடுகிறது. தையலக்கா புத்தகத்தில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்கிறாள். வெளுப்பு மருந்தில் தம்பி மனைவியின் விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன. வீட்டில் இன்றும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள், முதல் தட்டு இன்றும் தையலக்காவுக்குத்தான். இரண்டு மணிக்கு மிஷின்கள் ஓய்ந்ததும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அங்கே என்ன கதை நடக்கிறது என்று தையலக்காவுக்குத் தெரியாது. அவளும் கேட்டதில்லை, தம்பி மனைவியும் சொன்னதில்லை.