பனி விழக்கூடாதென்று அம்மா செய்த செபம்

முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். என் பனிச்சறுக்கு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். காஷ்மீரின் குல்மார்க் மலைச்சரிவில், நட்டு வைத்த கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து வேகமாக இறங்கும் போட்டி அது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் பெண்கள் பிரிவில் தேசிய சாம்பியன் நான்தான். மூன்றாம் வருடம் பாதி வழியில் இடது கால் மடங்கி விழுந்தேன். மூட்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் லிகமென்ட் கிழிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி வானத்தைப் பார்த்தேன். ஆண்டவரிடம் பேச ஒரு வார்த்தைகூட வரவில்லை.

என் பெயர் ரெஜினா. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். "மெட்ராஸ் பொண்ணுக்கு ஐஸ்ல இன்னாமா வேல? ஃப்ரிஜ்ஜுல ஏறியா பழகுன?" என்று எங்கள் தெரு ஆட்டோ அண்ணன் இன்றைக்கும் கேட்பார். கல்லூரியில் மலையேற்ற முகாமுக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது.

அறுவை சிகிச்சை முடிந்தது. அடையாறில் ஒரு கிளினிக்கில் மாதக்கணக்காகப் பயிற்சி. அடுத்த குளிர்காலத் தேசியப் போட்டியை வைத்துத்தான் ஆசியப் போட்டிக்கு ஆள் எடுப்பார்கள். "இந்தத் தடவ நீ எறங்கலன்னா உன் எடத்துக்கு வேற பொண்ணு வந்துடும்" என்று கோச் சொல்லிவிட்டார். பிசியோதெரபி சாரோ, "இன்னும் ஒன்றரை மாசம் பொறுங்க. ஒத்தக் கால்ல நின்னா நடுங்குது பாருங்க" என்றார். பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. ஆனால் போட்டி எனக்காக நிற்குமா? கிளம்பிவிட்டேன்.

போன இடத்தில் பனி இல்லை. ஜனவரியில் வெள்ளையாக இருக்க வேண்டிய சரிவு காய்ந்த புல்லாகக் கிடந்தது. போட்டியைத் தள்ளி வைத்தார்கள். மறுபடியும் தள்ளி வைத்தார்கள். இப்படியே போனால் ரத்துதான் என்றார்கள். ரத்தானால் தேர்வும் கிடையாது. பொறுக்க முடியாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இங்க பனியே விழலம்மா."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, மாதா கைவிடல! வாரா வாரம் அன்பியத்துல அதுக்குத்தானே செபமாலை சொல்றோம். பனியே விழக்கூடாதுன்னு!"

அன்பியம் என்பது எங்கள் தெருவில் ஒரே கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது. கார்த்திகையில் மழை வலுத்தால் மழை நிற்க வேண்டும் என்று அங்கே தவறாமல் ஒரு மன்றாட்டு இருக்கும். வானத்திலிருந்து எது கொட்டினாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வீட்டுக்குள் வரும் தண்ணீர்தான். மகளின் காலை உடைத்த பனியையும் அம்மா அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"ஐயோ அம்மா! பனி இல்லாம நான் எதுல சறுக்குறது? போட்டியே நடக்காது. எனக்குப் பனி வேணும்மா!"

அம்மா மெதுவாக, "அப்போ நானேதான் உன் பொழப்ப கெடுத்துட்டேனா?" என்றார். போன் கட்டாகிவிட்டது.

அந்த வாரக் கூட்டம் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா வீட்டில். பள்ளிக்கூட டீச்சரான அம்மா விஷயத்தைச் சொன்னதும் அக்கா பிடித்துக்கொண்டாராம். "இன்னா டீச்சர், மாதாவ இப்டி அலைய வுடுறீங்க? அன்னிக்கு வாணான்னீங்க, இன்னிக்கு வோணுன்றீங்க!" பிறகு அவரே கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, அந்தப் பொண்ணு கீற எடத்துல நல்லா பனி கொட்டணும். இங்க மட்டும் மழ வாணாம், மாடில வடாம் காயுது" என்று வேண்டினாராம்.

பனி உடனே வந்துவிடவில்லை. எனக்கு வேறு வேலையும் இல்லை. தங்கியிருந்த விடுதியின் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். ஒற்றைக் காலில் நின்றேன். "ஆண்டவரே, என்னவோ செய்யும்" என்பதற்கு மேல் எனக்குச் செபிக்கத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. அடுத்தடுத்த நாளும் கொட்டியது. போட்டி அறிவித்தார்கள்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கினேன். போன வருடம் விழுந்த அதே வளைவு வந்தது. உடம்பின் பாரம் முழுவதும் இடது கால்மேல் இறங்கியது. கால் நடுங்கவில்லை. கீழே போய்ச் சேர்ந்தபோது நான்தான் முதலிடம். ஆசியப் போட்டிக்கும் தேர்வாகிவிட்டேன்.

ஷூவைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பிசியோ சார் கேட்ட ஒன்றரை மாதம் பனிக்காகக் காத்திருந்ததிலேயே கழிந்திருந்தது. முதலில் சொன்ன தேதியிலேயே பனி விழுந்து, நடுங்கும் காலோடு அந்த வளைவுக்கு வந்திருந்தால் இன்று நான் ஊன்றுகோலோடுதான் நடந்துகொண்டிருப்பேன்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீ மொதல்ல கேட்டதும் தப்பில்லம்மா. அதுதான் என் காலக் காப்பாத்துச்சு."

அம்மா அழுதுவிட்டார். "எனக்குப் பனியப் பத்தி என்னடி தெரியும்? நீ மறுபடி விழக்கூடாதுன்னுதான் கேட்டேன்."

அவர் கேட்டது அப்படியே கிடைத்தது. மாதாவுக்கு நன்றி. இப்போதெல்லாம் எந்தத் தேதியில் எது நடக்க வேண்டும் என்று நான் ஆண்டவருக்குப் பாடம் எடுப்பதில்லை. உங்களில் யாருக்காவது என்ன கேட்பதென்றே தெரியாத நிலைமை இருக்கலாம். தெரியவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தப்பாகவாவது கேளுங்கள். என் அம்மா அப்படித்தான் கேட்டார்.