இடியோபதிக்கும் எங்கள் கிரேக்கக்காவும்

எங்கள் ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார். முதலில் கிரேக்க அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவசரத்தில் அது கிரேக்கக்கா ஆகிவிட்டது. பெயரின் பின்பாதியைக் குழந்தைகள் எதற்குச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். "பொருத்தமாத்தான் இருக்கு. நான் கிரேக்கம் பக்கம் போனதே அதனாலதானே" என்பார்.

அது உண்மைதான். அவர் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தவர். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற அறிக்கையை டைப் அடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கை டாக்டர்கள் டயரியா என்பார்களே, அந்தச் சொல்லில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. ஒரே வாரத்தில் பதினோரு அறிக்கை, பதினோரு விதமாக அடித்துவிட்டார். பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு, "போற வயித்துக்குக்கூட ஒரு ஒழுங்கு இருக்கும்மா, உனக்கு இல்லையே" என்று பிடிபிடியென்று பிடித்தார்.

அன்று சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்கு நடந்தவர், பழைய பேப்பர் கடை வாசலில் அட்டை கிழிந்த மருத்துவ அகராதி ஒன்றைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. டயரியாவைத் தேடிப் பிடித்தார். கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடே. 'ரெயின்' என்றால் ஓடுவது. ஊடே ஓடுவது! அக்கா நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டார். "அட, இவ்வளவு பெரிய பேரை வச்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள நம்மள மாதிரியே பச்சையா பேசியிருக்காங்களே!" அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் ஒரு எழுத்துக்கூட அவருக்குத் தப்பவில்லை. பிழை விட்டது, பைத்தியம் பிடித்தது.

வீட்டில்தான் முதல் அடி விழுந்தது. அவருடைய வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த மனுஷரிடம் போய், "ஏங்க, கரண்டுக்கு எலெக்ட்ரிக்னு பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? அம்பர்னு ஒரு மஞ்சள் கல்லு. மரப்பிசின் இறுகி ஆனது. அதுக்குக் கிரேக்கத்துல எலெக்ட்ரான்னு பேரு. அதைத் துணியில தேய்ச்சா துரும்பு ஒட்டுமாம்" என்றார்.

அவர் நிமிராமல் கேட்டார். "அந்தக் கல்லு ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது."

"அப்போ அது கரண்டு இல்ல." மறுபடியும் கம்பியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

நாத்தனார் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, "மைக்ரேன் அண்ணி, உயிர் போகுது" என்று சோபாவில் சாய்ந்தால், "அந்தப் பேரே 'பாதி மண்டை'ங்கிற கிரேக்கச் சொல்லுலேருந்து வந்ததுதான்மா. நாம ஒத்தைத் தலைவலினு சொல்றோமே, அதேதான்" என்பார் அக்கா. "எனக்கு முழு மண்டையும் வலிக்குது. மீதிப் பாதி உங்களாலதான்" என்று நாத்தனார் எழுந்து போய்விடுவார்.

பிறகு டாக்டர்களே கணினியில் அடித்துக்கொள்ளும் காலம் வந்தது. அக்காவை விசாரணைக் கவுன்டருக்கு மாற்றினார்கள். அதற்கு நேர் எதிரே இருக்கிற எக்ஸ்ரே அறை என்னுடையது. அதனால் இனி வருவதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

"நெஃப்ராலஜி எங்கம்மா?" என்று ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து கேட்டார்.

"நெஃப்ராஸ்னா சிறுநீரகம். லோகாஸ்னா பேச்சு. ஆக, சிறுநீரகத்தைப் பத்திப் பேசற இடம்..."

"பேச்செல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்மா. முதல்ல பாத்ரூம் எங்க?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி நிர்வாக அதிகாரியின் தலையில்தான் போய் மோதியது. அவர் கொஞ்ச நாளாகவே தொப்பியோடு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் கவுன்டருக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார். "என் சீட்டுல அலோபீசியானு எழுதியிருக்கு. கெட்ட வியாதியா?"

"சேச்சே, முடி கொட்டுறதுதான் சார். அலோபெக்ஸ்னா கிரேக்கத்துல நரி. நரிக்குச் சொறி பிடிச்சா முடி கொத்துக் கொத்தா கொட்டுமாம். அதை வச்சு இந்தப் பேரு."

அக்கா ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்குத் தணிந்த குரலே கிடையாது. வரிசையில் நின்ற இருபது பேரும் தொப்பியைப் பார்த்தார்கள். மறுநாள் காலை அக்கா பதிவேட்டு அறையில் இருந்தார். அது கட்டடத்தின் அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற அறை. பேசினால் தனக்கே கேட்காது.

ஐந்து மாதம் அங்கே பழைய கோப்புகளைத் தூசு தட்டி அடுக்கினார். எங்களோடு டீ குடிக்க மேலே வருவார். ஆனால் ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் சொல்ல மாட்டார். நான் வேண்டுமென்றே, "எக்ஸ்ரேக்கு என்னக்கா அர்த்தம்?" என்று வாயைக் கிண்டினேன். "அதுல கிரேக்கம் இல்லப்பா" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் பஸ் டிரைவர் விவகாரம் வெடித்தது.

அவருக்கு இரண்டு மாதமாக உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. ஸ்டியரிங்கைப் பிடிப்பதா, முதுகைச் சொறிவதா என்று தவித்துப் போய் எங்கள் தோல் டாக்டரிடம் வந்தார். டாக்டர் சின்ன வயசு. கெட்டிக்காரர். ஆனால் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். மூன்று பரிசோதனை செய்து, ஒன்றும் பேசாமல் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். டிரைவர் வெளியே வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அடுத்த நிமிஷம் நடைபாதை அதிர்ந்தது.

"இடியட்னு எழுதியிருக்கான்யா! இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். பாசஞ்சர் வாயில கேக்காத பேச்சில்ல. ஆனா இதுவரைக்கும் ஒருத்தனும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்ல!"

நான் ஓடிப்போய்ச் சீட்டைப் பார்த்தேன். 'இடியோபதிக்' என்று இருந்தது. "அது வேற சொல்லுங்க" என்றேன். "எப்படி வேற? இங்கிலீஷ்ல முதல் நாலெழுத்தும் அதே எழுத்துதானே?" என்று என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, முகம் சிவந்து, "இது ஒரு மெடிக்கல் டெர்ம்" என்று மட்டும் சொன்னார். அது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்ததுபோல ஆயிற்று. நிர்வாக அதிகாரி வந்தார். காவலாளி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியே சொன்னார். "கீழ போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வாப்பா."

அக்கா கையில் தூசோடு வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்தது முகத்தில் பொங்கியது.

"அண்ணே, நீங்க படிச்சது தப்பில்ல. ரெண்டும் அண்ணன் தம்பி."

"பாத்தீங்களா!" என்றார் டிரைவர். டாக்டருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இருங்கண்ணே. இடியோஸ்னா கிரேக்கத்துல சொந்தம், தனக்கே உரியதுன்னு அர்த்தம். ஊர் விவகாரத்துல தலையிடாம தன் வேலையை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தவனை இடியோட்டெஸ்னு சொன்னாங்க. அது போகப் போகத் திட்டா ஆயிடுச்சு. பேத்தாஸ்னா அவதி. அப்போ இடியோபதின்னா, வெளியிலேருந்து எதுவும் வராம தானா வந்த அவதி."

"தானா எப்படிம்மா வரும்? ஒரு காரணம் இருக்குமில்ல?"

"இருக்கும். என்னன்னு டாக்டருக்குத் தெரியலன்னு அர்த்தம்."

டிரைவர் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "ஓஹோ. அப்போ அந்த வார்த்தை எனக்கு இல்ல, அவருக்கா?"

கூட்டம் சிரித்தது. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வெளியே வந்து டிரைவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஆமா சார். மூணு டெஸ்ட் பார்த்துட்டேன். ஏன் வருதுன்னு எனக்குத் தெரியல. நிறைய பேருக்கு இப்படித்தான் வருது. ஆனா அடக்கறதுக்கு மாத்திரை இருக்கு."

"இதை உள்ளயே சொல்லியிருந்தா நான் ஏன் சார் தொண்டை கிழியக் கத்தப் போறேன்?" என்றார் டிரைவர். "எனக்குக் கேன்சரோ என்னமோன்னு நாலு நாளா தூக்கமில்ல." அக்கா தன் கை தூசைக்கூடத் துடைக்காமல் அவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தோல் டாக்டரே நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றார். தினமும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அக்கா மேலே பெஞ்சருகில் உட்கார்ந்து, சீட்டோடு வருகிறவர்களுக்கு அர்த்தம் சொல்லலாம் என்று உத்தரவு வந்தது. 'விலங்குகளைத் தவிர்க்கவும்' என்று அடியில் கையால் எழுதியிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் டாக்டர்கள் சிம்போசியம் என்று ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். அக்காவைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். அக்கா புதுப் புடவை கட்டி வந்தார். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாத்தனாரும் வந்திருந்தார். அக்கா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "சிம்போசியம்னா கிரேக்கத்துல கூடி உட்கார்ந்து மது குடிக்கறது. இங்க டீதான் குடுத்தாங்க." டாக்டர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பத்து நிமிஷம் இருபத்தைந்து ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் அறுவை சிகிச்சை டாக்டர் எழுந்து, "எங்க தொழிலுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார்.

"கெயிர்னா கை. எர்கான்னா வேலை. சர்ஜரின்னா கைவேலை, அவ்வளவுதான் சார்."

அப்போது என் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. இவ்வளவு வருஷமாக ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் கேட்காத மனுஷர் எழுந்து நின்று கேட்டார். "அப்போ காயில் கட்டுற நானும் சர்ஜன்தானா?"

அக்கா மைக்கோடு கடைசி வரிசையை எட்டிப் பார்த்தார்.

"சந்தேகமே இல்லங்க" என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். "ஆனா நீங்க கொடுத்து வச்சவர். உங்க மோட்டார் கத்தாது."

வீட்டுக்காரர் திருப்தியாக உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, சொந்தக்காரங்க தொல்லைக்குக் கிரேக்கத்துல என்ன பேரு?" நாத்தனார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.