ஐயாவின் வரியை யார் அழிப்பது?

என் அலுவலக அறைச் சுவரில் ஒரு பழைய வெள்ளைப் பலகை மாட்டியிருந்தேன். அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. வலது மூலையில் மட்டும் 'அழிக்க வேண்டாம்' என்ற இரண்டு சொற்கள், எந்தத் துணிக்கும் மசியாத மையில். எழுதியவர் நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் பணிப்பாளர். அவரை எல்லோரும் ஐயா என்றுதான் அழைப்போம். ஆனால் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தவர் அவரல்ல, அவருக்குக் கீழே சில மாதங்கள் வேலை செய்த ஒரு பெண்.

யுத்த காலம். வடக்குக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது எங்கள் வேலை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருந்த பட்டறையில் இறப்பர் பாதங்கள் செய்வார்கள். அவற்றைக் கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பவேண்டும். ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கப்பல்காரருக்கே தெரியாது. திட்டமிடுவதெல்லாம் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருந்த எங்கள் மாடி அலுவலகத்தில், அந்தப் பலகையில்தான். பலகையில் இருப்பது கொட்டாஞ்சேனைக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் நடப்பது பலகைக்குத் தெரியாது. யாராவது ஒட்டுக்கேட்டுச் சந்தேகப்படுவார்களோ என்று, தொலைபேசியில் கப்பல், துறைமுகம் என்று தமிழில் விரிவாகக் கதைக்கவும் எங்களுக்குத் தயக்கம். அழிக்காமல் எழுதி எழுதிப் பலகையோ சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் புடவைக்கடை போல நெருக்கியடித்துக் கிடக்கும்.

அங்கேதான் அந்தப் பெண் திட்ட அலுவலராக வந்து சேர்ந்தார். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர். வேலை தற்காலிகம், நிரந்தரமாக்குவது ஐயாவின் கையில். எதைக் கண்டாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்கும் பிறவி. தேநீர்க் கோப்பையை ஏன் கவிழ்த்து வைக்கிறோம் என்றுகூட என்னிடம் கேட்டிருக்கிறார். பலகையைப் பார்த்துவிட்டு ஒரு கிழமையில் இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் உண்டாக்கினார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், பாதங்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகும் புறக்கோட்டை லொறிக்காரர் கடையிலும் ஒரே பக்கம் தெரியும். "யாரு வேணும்னாலும் எழுதலாம், தப்பா இருந்தா யாரு வேணும்னாலும் அழிக்கலாம். மேல் வரிதான் கடைசி முடிவு. அழிச்ச பழசும் உள்ளுக்குப் பத்திரமா இருக்கும்ங்க" என்று விளக்கினார். எனக்கு அது மாயவித்தை மாதிரி இருந்தது. இங்கே நான் ஒரு எழுத்தைத் தட்ட, அது கொட்டாஞ்சேனையில் போய் நிற்கிறது என்பதை நம்பமுடியாமல் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். நின்றது.

ஐயா முதல் வரியை ஒற்றை விரலால் தட்டினார்: பாதப் பெட்டிகள் வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு. எழுதிவிட்டு, கண் சத்திரசிகிச்சைக்கு நுகேகொடையில் மகள் வீட்டோடு தங்கப் போய்விட்டார். தொலைபேசியைக்கூட மகள் வாங்கி வைத்துவிட்டாள்.

பிறகு கப்பல் முகவர் பட்டறைக்குச் சொன்னார், சாமான் ஏற்றுவது புதன்கிழமைக்கு முந்திவிட்டது என்று. பட்டறை மேற்பார்வையாளர் உடனே பக்கத்தில் எழுதினார். எங்கே? ஐயாவின் வரிக்குக் கீழே. எப்படி? "ஐயா எழுதியது சரியே. இருந்தாலும் முகவர் புதன் என்கிறார். ஐயா கவனிக்கவும்." அதற்குக் கீழே கணக்காளர்: "புதன் என்றே நானும் அறிந்தேன். ஐயாவின் தீர்மானப்படி செய்வோம்." அதற்குக் கீழே நானும் என் பங்குக்கு ஒரு வணக்கம் வைத்தேன். பட்டறையில் எல்லோரும் ஆளுக்கொரு வரி. வால் நீண்டுகொண்டே போயிற்று, தலை மட்டும் வெள்ளிக்கிழமையிலேயே நின்றது. மேல் வரியை மட்டும் பார்க்கும் லொறிக்காரர் வெள்ளிக்கு லொறி ஒதுக்கிவிட்டுச் சும்மா இருந்தார்.

செவ்வாய் மத்தியானம் அந்தப் பெண் பக்கத்தின் அடிவரை படித்தார். முகம் மாறிவிட்டது.

"அக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே! ஏன் ஒருத்தரும் அழிக்கல?"

"ஐயான்ரை எழுத்தை எப்பிடிப் பிள்ளை அழிக்கிறது?" என்றார் கணக்காளர். "அவர் வரட்டும், பாப்பம்."

"அவர் வர்றதுக்குள்ள கப்பல் போயிடுங்க சார். அங்க ஊர் ஊரா வந்து காத்துக்கிட்டு இருக்காங்க."

அது உண்மை. பாதம் வரும் என்று சொல்லி யாழ்ப்பாணத்தில் நாள் குறித்தாயிற்று. தூரத்துக் கிராமங்களிலிருந்து சிலரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பெண் கணினி முன் உட்கார்ந்தார். வேலை போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் பின்னால் நின்றோம். வெள்ளிக்கிழமை எழுத்தெழுத்தாகப் பின்வாங்கி மறைந்தது. அந்த இடத்தில் 'புதன் காலை' என்று தட்டி, அடியில் தன் பெயரையும் போட்டார்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால், கொட்டாஞ்சேனையிலிருந்து மேற்பார்வையாளரின் வணக்கம் காணாமல் போயிருந்தது. மறுபடி பார்த்தால் இன்னொன்று. ஒருவர் அழித்தது கண்டு ஆளாளுக்குத் தங்கள் பணிவை அழித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு வரி. சற்று நேரத்தில் லொறிக்காரர் அழைத்து, "நாளைக்கா மிஸ்? சரி, அனுப்புறேன்" என்றார். பெட்டிகள் கப்பலேறின.

ஐயா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். "என்ரை வரி எங்கை?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பெண் பழைய பக்கத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய வெள்ளிக்கிழமை, எங்கள் வணக்கங்கள், எல்லாம் அப்படியே உள்ளே இருந்தன. ஐயா திரைக்குக் கிட்டக் குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பாதியில் சிரிப்பு வந்தது. முடிவில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவ்வளவு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. நான் பிழையெண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. அவ்வளவு பொல்லாதவனோ நான்?"

கணக்காளர் மெல்லப் பலகையின் மூலையைக் காட்டினார். "ஐயாதானே எழுதினது."

ஐயா திகைத்துப்போனார். "அட கடவுளே! அது கூட்டித் துடைக்க வாறவவுக்கு எழுதினது. ஒருநாள் பலகையை முழுக்கத் துடைச்சுப்போட்டா. உங்களுக்கு ஆர் சொன்னது?"

அந்த மாதமே அவர் அந்தப் பெண்ணின் வேலையை நிரந்தரமாக்கினார். பின்பு அந்தப் பெண் திருமணமாகி வெளிநாடு போனார். அலுவலகம் மூடியபோது பலகையை யாரும் கேட்கவில்லை. சிரிப்புக்காக நான் எடுத்து வந்தேன்.

இப்போது நானும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறேன். எல்லாம் கைத்தொலைபேசியில், அதேபோல ஒரு பொதுப் பக்கத்திலேயே. போன மாதம் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு நான் போட்ட திகதி பிழை. அதற்குக் கீழே, "அக்கா போட்டது சரி. இருந்தாலும் அன்று பௌர்ணமி, போயா விடுமுறை" என்று ஒருவர். அதற்குக் கீழே இன்னொருவர். முதலில் சிரித்தேன். பிறகு அவமானமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏனம்மா என்ரை வரியை அழிக்கேல்லை?" என்று கேட்டேன்.

அவள் தயங்கி என் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள்.

"அதிலை எழுதியிருக்கே, அக்கா."

அன்று பின்னேரமே கதிரையில் ஏறிப் பலகையைக் கழற்றினேன். கதிரையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.