உட்கார்ந்து பார்க்கிற வேலை

டிப்போவில் அவரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுவது என்னவோ ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகும் டவுன் பஸ். அதையும் மடியில் முட்டையை வைத்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டுவார். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் அவர் வம்சத்தையே விசாரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். பெயர் வந்தது காலால் ஓடியதால். நாற்பதைத் தாண்டிய, லேசாகத் தொப்பை போட்ட ஒரு பஸ் டிரைவர் காலங்கார்த்தாலே அரை டிராயரோடு ஊரைச் சுற்றி ஓடினால் கூட வேலை பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"யோவ், வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா சொல்லு. ஜனங்கள முதுகுல ஏத்திக்கிட்டு நீயே ஓடிரு. நான் பின்னால வந்து டிக்கெட் கிழிக்கிறேன்" என்பார் அவருடைய கண்டக்டர். பல வருஷமாக ஒரே வண்டியில், ஒரே ஷிஃப்டில் இருப்பவர். கிண்டல் செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் எதற்காக ஓடுகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் கிண்டலை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வார்.

எக்ஸ்பிரஸின் அண்ணனும் அதே டிப்போவில் டிரைவராக இருந்தவர். ஒரு நாள் மத்தியானம், பஸ் நிறைய ஜனங்களோடு போய்க்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். சாய்வதற்கு முன்னால் எப்படியோ வண்டியை ஓரம் கட்டியிருந்தார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. டிப்போவே அழுதது. இன்றைக்கும் புதிதாகச் சேருகிற டிரைவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்வார்கள். தம்பிக்கு மட்டும் அதைக் கேட்டால் பெருமை வராது, பாதியிலேயே எழுந்து போய்விடுவார். அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்தான், ஐம்பதைப் பார்க்கவில்லை. அடுத்தது நம் முறை என்று இவர் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சாவதுகூட அவருக்குப் பெரிய பயமில்லை. பின்னால் அத்தனை பேரை உட்கார வைத்துக்கொண்டு செத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவரை அரித்தது. அண்ணனுக்கு அந்தக் கடைசி நிமிஷம் கிடைத்தது. தனக்கும் கிடைக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

அதனால்தான் ஓடினார். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். பிறகு விளையாட்டுத் திடலில் கூடும் ஓட்டக்காரர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு வங்கிக்காரர். ஷூவின் அடிப்பாகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய மனுஷர். அவர்தான் இவரைப் பிடித்து மாரத்தானுக்குத் தள்ளியது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றதும் எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த எண் மனதில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு தூரம் தாங்குகிற இதயம் ஸ்டியரிங்கில் நிற்காது என்று நம்பினார். ஓடி முடித்ததும் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பார். துடிப்பு திடமாக இருக்கும். அன்றைக்கு வண்டியை எடுக்கும்போது கை வேர்க்காது.

ஓட்டப் பயிற்சியில் ஓய்வு நாள் என்று ஒன்று உண்டு. ஓடுவதைப் போலவே அதுவும் முக்கியம் என்று வங்கிக்காரர் தொண்டை வற்றச் சொல்வார். எக்ஸ்பிரஸ் அதை மீறவே இல்லை. இரட்டை ஷிஃப்ட் வரும் நாட்களாகப் பார்த்து ஓய்வு நாட்களை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இருட்டும்வரை சீட்டில் உட்கார்ந்திருக்கிற நாளில் காலுக்கு என்ன வேலை என்பது அவர் கணக்கு. கணக்கு பிசகாக இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காக அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற மனுஷருக்கே தோன்றவில்லையே, நமக்கு எங்கே தோன்றும்?

வலது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்பக்கம், ஒரு விரல் அகலத்தில் வலி ஆரம்பித்தது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடேறியதும் போய்விடும். ஓட்டக்காரர்களுக்கு இந்த மாதிரி வலி ஒன்றுமே இல்லை. வலியைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரியும், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எக்ஸ்பிரஸ் ஐஸ் வைத்தார், கிரேப் பேண்டேஜ் சுற்றினார், தைலம் தேய்த்தார். படுக்கையே தைலக் கடையாகிவிட்டது என்று அவர் மனைவி அலுத்துக்கொண்டார். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் பார்வையைச் சரிசெய்கிறவர். ஒரு வாரம் புருஷன் நொண்டுவதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. விரலால் எலும்பைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினார். எக்ஸ்பிரஸ் கட்டிலை விட்டு எம்பிவிட்டார்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. ஆனா ஆரம்பத்துல தெரியாது. எலும்புல மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழுந்திருக்கலாம்னு எனக்குச் சந்தேகம். ஆறு வாரம் ஓடக்கூடாது. இந்தக் காலுக்கு வேலையே குடுக்காதீங்க."

"ஓட்டப் போட்டி வருது டாக்டர்."

"அடுத்த வருஷமும் வரும். என்ன வேலை பாக்கறீங்க? நிக்கற வேலையா?"

"இல்ல டாக்டர். நாள் முழுக்க உக்காந்து பாக்கற வேலைதான்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர்.

பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. அவர் மனதறிந்து எதையும் மறைக்கவில்லை. மனைவியும் பக்கத்தில்தான் இருந்தார், ஆமாம் என்று தலையாட்டினார். டவுன் பஸ்ஸின் பிரேக் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் இருந்த மூவரில் ஒருவருக்குத்தான் தெரியும். ஸ்டாப்புக்கு ஸ்டாப், சிக்னலுக்கு சிக்னல், குறுக்கே வருகிற ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் அந்த வலது கால்தான் எழும்பி மிதிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் இடுப்பிலிருந்து பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி, வேலை என்றே நினைப்பில் இல்லை.

ஓடாமல் இருந்தார். அது அவருக்கு எத்தனை கஷ்டம் என்பதைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும். ஷூவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கப் பயந்தார். அண்ணன் இறந்த வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறினால் கை மறுபடி வேர்க்க ஆரம்பித்தது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. வலி மட்டும் இம்மிகூடக் குறையவில்லை. சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது இன்னும் அதிகமாகவே இருந்தது.

"பாத்தியா? ஓடாமலே வலிக்குது. அப்ப ஓட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மனைவியிடம்.

"ஆறு வாரம்னு சொன்னாங்க."

"ரெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு, வேலைக்கு ஆகல. சும்மா உக்காந்திருந்தா கால் போகாது, நெஞ்சு போயிடும்."

நெஞ்சு என்ற வார்த்தை வந்தால் அந்த வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிடும். மறுநாளே மறுபடி ஓட ஆரம்பித்தார். போட்டிக்கு முந்தைய கடைசி நீண்ட ஓட்டத்தை விடுமுறை நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முடித்தார். வங்கிக்காரர் முதுகில் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

அடுத்த நாள் இரட்டை ஷிஃப்ட், அவருடைய ஓய்வு நாள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியில் ஏறும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்ததைக் கண்டக்டர் பார்த்தார்.

"என்னய்யா, கெழவன் மாதிரி ஏறற? முடியலன்னா லீவு சொல்லேன்."

"உக்காந்துட்டா சரியாயிடும்" என்றார் எக்ஸ்பிரஸ்.

மத்தியானம்வரை ஒன்றும் இல்லை. மார்க்கெட் தாண்டி ரோடு வளைகிற இடத்தில், மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கேன்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார். தூரத்திலேயே எக்ஸ்பிரஸ் பார்த்துவிட்டார். வேகமும் கிடையாது. வழக்கம்போலக் காலைத் தூக்கி மிதித்தார். உள்ளே எதுவோ படக்கென்று முறிந்தது. கால் மிதியில்தான் இருந்தது, ஆனால் அதில் பலம் இல்லை. துணியைப் போட்டது மாதிரி கிடந்தது. இடது காலைக் கொண்டுவந்து மிதிப்பதற்கும் கைபிரேக்கை இழுப்பதற்கும் ஆன நேரத்தில் பஸ் அந்த வண்டியையும் அந்த மனுஷரையும் தள்ளிக்கொண்டு போயிருந்தது. கேன்கள் ரோடெல்லாம் உருண்டன.

தண்ணீர்க்காரர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

எக்ஸ்பிரஸ் வேறொரு ஆஸ்பத்திரியில், காலில் கம்பி வைத்து மாவுக்கட்டோடு கிடந்தார். அந்த இளவயது டாக்டர்தான் பார்க்க வந்தார். புதிய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "உக்காந்து பாக்கற வேலைன்னு சொன்னீங்களே" என்றார். அந்த ஒரு வாக்கியம் எக்ஸ்பிரஸுக்குப் போதுமானதாக இருந்தது. அன்று முழுக்க அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

கண்டக்டர் தினமும் வந்தார். கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"இதக் கேளு. மெக்கானிக் வந்து பாத்துட்டான், வண்டியில ஒரு குறையும் இல்ல. அந்த ஆளு திடீர்னு பாஞ்சுட்டாரு, நீ கால் ஒடையற அளவுக்கு பிரேக்க மிதிச்சேன்னு போலீஸ்லயும் டிப்போலயும் நான் சொல்லியாச்சு. எல்லாரும் அதத்தான் பேசறாங்க. உன் அண்ணன் மாதிரியே நீயும்னு சொல்றாங்கய்யா. நீ வாயத் தொறக்காத. பொண்டாட்டிய நெனச்சுப் பாரு."

எக்ஸ்பிரஸ் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சு உரித்தார். கண்டக்டர் சொன்னது தப்பு என்று அவருக்கும் தெரியும். ஆனால் வேலை போய், ஜெயில் என்றெல்லாம் வந்தால் என்ன செய்வது? உரித்த ஆரஞ்சை யாரும் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், கண்டக்டரும் மனைவியும் இருக்கும்போதே, ஒரு பெண் வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நேராக இவரிடம் வந்தாள்.

"அண்ணே, நான் அந்தத் தண்ணி கேன் போடறவரோட சம்சாரம்."

எக்ஸ்பிரஸ் எழப் பார்த்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை.

"எந்திரிக்காதீங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்." கண்டக்டர் எழுந்து விட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அவரு மேல எனக்கே கோவம்ணே. ரோட்டப் பாத்துப் போங்கன்னு தலபாடா அடிச்சுக்குவேன். இந்தக் கண்டக்டர் அண்ணன் வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னாரு. கால் ஒடையற மாதிரி மிதிச்சீங்களாம். உங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

பையிலிருந்து இரண்டு ஆப்பிள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். கண்டக்டர் எக்ஸ்பிரஸை உற்றுப் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், எதற்காகப் பிடித்தார் என்பது அவருக்கே தெரியாது.

"அவர் பாக்காம வரலம்மா" என்றார் எக்ஸ்பிரஸ்.

"யோவ்" என்றார் கண்டக்டர்.

"பாத்துட்டுத்தான் வந்தாரு. நானும் அவரப் பாத்தேன், அவரும் என்னப் பாத்தாரு. நிறுத்த நெறைய எடம் இருந்துச்சு. நான் நிப்பேன்னு நம்பித்தான் வந்தாரு. என் கால் முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சும்மா. டாக்டர் ரெஸ்ட் குடுன்னு சொன்னாரு. நான் குடுக்கல."

அவளுக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று.

"எதனால விரிசல்?"

"ஓடினேன். காலையில ஓடுவாங்கல்ல, அந்த மாதிரி."

"எதுக்கு?"

அண்ணனைப் பற்றிச் சொல்லலாம், அப்பாவைப் பற்றிச் சொல்லலாம். பஸ்ஸில் வருகிற ஜனங்கள் எல்லோரையும் காப்பாற்றத்தான் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே எதையும் சொல்ல வரவில்லை.

"செத்துடக் கூடாதுன்னும்மா."

அவள் அழவில்லை. மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர் மேல தப்பில்ல."

"இல்லம்மா. ஒரு தப்பும் இல்ல."

"இத வெளியில சொல்லுவீங்களா?"

"சொல்றேன். யார் கேட்டாலும் சொல்றேன்."

மனைவி கையை எடுத்துக்கொண்டு முகத்தைப் பொத்தினார். அந்தப் பெண் எழுந்தாள். நாலு அடி போனவள் நின்று திரும்பினாள். இவரிடம் சொல்வதுபோல இல்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

"கடைசியா அவருக்கு நெனவு வந்துச்சு. கொஞ்ச நேரந்தான். ஏன்யா இப்படிப் பாக்காம போய் விழுந்தேன்னு நான் திட்டினேன். இல்ல இல்லன்னு தலைய ஆட்டினாரு. என்னவோ சொல்ல வாயெடுத்தாரு. நீ பேசாத, எல்லாம் எனக்குத் தெரியும்னு அடக்கிட்டேன்."

கண்டக்டர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் வெளியே போனாள்.