படிவத்தில் இல்லாத காரணம்

பல்கலைக்கழகத்தில் நான் இறுதியாண்டு படித்தபோது நடந்தது இது. "மாணவர்களைத் தொழில் தொடங்கத் தூண்டுவது எது?" என்பது என் ஆய்வுத் தலைப்பு. தலைப்பைத் தந்தவர்கள் தந்துவிட்டார்கள். வெயிலில் அலைந்தது நான். நிந்தவூரிலிருந்து கல்முனை வரை, சின்னதாக ஏதாவது வியாபாரம் செய்யும் மாணவர்களைத் தேடிப் படிவம் கொடுப்பதும், அதைத் திரும்ப வாங்க இரண்டு மூன்று தடவை நடப்பதுமாக அலுத்துப்போனது.

படிவத்தில் ஐந்து காரணங்கள்: சுதந்திரம், வருமானம், புதுமை ஆசை, சமூக மதிப்பு, பிறரின் முன்மாதிரி. ஒன்றுக்கு மட்டும் அடையாளம் போட வேண்டும். சாய்ந்தமருதில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, எதற்கும் போடாமல், ஓரத்தில் "வாப்பா இனி கட்டாருக்குப் போகக் கூடாது" என்று எழுதித் தந்திருந்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்படியே விட்டால் படிவம் செல்லாது. அஸர் தொழுதுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

முன்னால் பழைய வீடு. பின்வளவில், அவளுக்கென்று கட்டும் வீடு கூரையில்லாமல் நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். கட்டாரில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த அவள் வாப்பா, அந்தச் சுவருக்குத் தானே சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். குசினியில் அவள் கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டிருந்தாள். அக்கா முறையில் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"வருமானத்துக்காவது ஒரு அடையாளம் போடு புள்ள" என்றேன்.

"எனக்குச் சல்லி வேணுமெண்டு செய்யல்ல ராத்தா. கூரைய நான் போடுறன், நீங்க நில்லுங்க எண்டு வாப்பாக்குச் சொல்லோணும். வாற கிழமை அவருக்குப் பயணம்."

அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சாந்துக் கரண்டியைக் கீழே வைக்காமலே சிரித்தார். "இன்னும் ரெண்டு வருசந்தான் மகள். கூரையப் போட்டுட்டு வந்திருவன்."

"போன முறையும் இதத்தானே சொன்னீங்க வாப்பா."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவள் கையைத் துடைத்துவிட்டு, வாசிக்காமலே முதல் கட்டத்தில், சுதந்திரத்துக்கு, அடையாளம் போட்டாள். "உங்கட படிப்புக் கெடப்படாதே ராத்தா" என்றாள். எனக்கு அப்போது நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை அவர் போய்விட்டார். என் ஆய்வு முடிவில் சுதந்திரம் முதலிடம் பெற்றது. ஆய்வைக் கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த அடையாளங்களில் ஒன்று அவள் எனக்காகப் போட்ட பொய் என்று நான் சொல்லவில்லை.

இப்போது பட்டத்தை வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குக் காத்துக் கிடக்கிறேன். என் வாப்பா வயலிலிருந்து வந்து, களைப்பாறாமல், எனக்கென்று எழும்பும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஊரெல்லாம் காரணம் கேட்டுத் திரிந்தவள் நான். ஒருத்தி எழுதியே தந்த பிறகும், அதே காரணம் என் வளவிலும் நிற்பதைக் காணத் தவறினேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.